கான்ட்ராக்டர் மாறும்போது கைக்கு வரும் அந்த ஒற்றைத் தாள்

2023 மார்ச் 29, புதன்கிழமை. இரண்டாம் ஷிஃப்ட் முடியும் நேரம். சில்லர் ரூமில் நின்று லாக்புக்கில் ரீடிங் எழுதிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து ஒரு தாளை நீட்டினார்.

"எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. சும்மா ஃபார்மாலிட்டிண்ணே."

படித்துப் பார்த்துத்தான் போட்டேன் என்று சொன்னால் அது பொய். ஆங்கிலத்தில் நான்கு வரி, தேதி எழுதுகிற இடம் காலி. சொந்தக் காரணங்களுக்காக வேலையை விடுகிறேன், வரவேண்டிய பாக்கி எல்லாம் வாங்கிக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் கிடையாது. இவ்வளவுதான் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி ரீடிங் எழுதப் போனேன். போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

உங்கள் சைட்டிலும் கான்ட்ராக்டர் மாறப்போகிறார் என்ற பேச்சு அடிபட்டால், அந்தத் தாள் உங்களிடமும் வரும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் ஏ.சி. பிளான்ட் பார்க்கிற டெக்னீஷியன் நான். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, எலக்ட்ரிகல், லிஃப்ட் எல்லாம் சேர்த்து 62 பேர். யாருமே கட்டடத்துக்காரர்களின் ஊழியர் இல்லை, எல்லோரும் மேன்பவர் கான்ட்ராக்டரின் ஆட்கள். பழைய கான்ட்ராக்டர் 2018 ஜூனில் வந்தார். மூன்று வருட டெண்டர், கொரோனா காலத்தில் நீட்டித்து நீட்டித்து 2023 மார்ச் வரை ஓடியது. நான் சேர்ந்தது 2018 ஜூலை 16.

மார்ச் மாதம் முழுக்க எங்களுக்கு இருந்தது ஒரே பயம்தான்: புதிதாக வருகிறவர் நம்மை வைத்துக்கொள்வாரா, மாட்டாரா? அட்மினில் கேட்டால் "அது வெண்டர் முடிவு" என்றார்கள். பழையவரிடம் கேட்டால் "புதுசா வர்றவங்ககிட்ட கேளுங்க" என்றார். புதியவர் ஆட்கள் வந்து ஆதார் நகலையும் போட்டோவையும் வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமலே போனார்கள். வேலை போகுமா என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்த ஆளிடம் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவான். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் 1 காலையில் பட்டியல் ஒட்டினார்கள். 51 பேர் உள்ளே, 11 பேர் வெளியே. வெளியே போனவர்களில் பெரும்பாலோர் 45 வயதைத் தாண்டிய ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள். எங்கள் எல்லோரிடமும் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிய சூப்பர்வைசர் பெயரும் பட்டியலில் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒருமாதிரி இருந்தது.

என் பெயர் இருந்தது. அதே சில்லர், அதே லாக்புக், அதே நாற்காலி, யூனிஃபார்மில் மட்டும் வேறு எழுத்து. தப்பித்தோம் என்று நினைத்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

முதலில் மார்ச் மாதச் சம்பளம் வரவில்லை. ஏப்ரல் 20 ஆயிற்று. பழைய கான்ட்ராக்டர், "கட்டடத்துக்காரங்க பில் செட்டில் பண்ணல" என்றார். கட்டடத்துக்காரர்கள், "நீங்க எங்க ஸ்டாஃப் இல்லையே" என்றார்கள். இப்படி அலையவிட்டே நம்மை ஓயவைப்பார்கள். தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு பெரியவர்தான் வழி சொன்னார். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி, கான்ட்ராக்டர் சம்பளம் தரத் தவறினால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே அதைக் கொடுத்துவிட்டு, பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். இதை ஒரே பக்கத்தில் எழுதி, 40 பேர் கையெழுத்துப் போட்டு, கட்டடத்துக்காரர்களின் அட்மினுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பத்தாவது நாள் சம்பளம் வந்துவிட்டது. வாய்வார்த்தையாக மூன்று வாரம் கேட்டு நடக்காதது ஒரு தபாலில் நடந்தது.

அந்தச் சட்டம் இப்போது, பழைய தொழிலாளர் சட்டங்களை நான்காகத் தொகுத்த புதிய தொகுப்புச் சட்டங்களுக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தும் என்றிருந்த வரம்பு 50 ஆகியிருக்கிறது, சின்ன சைட்டில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் முதன்மை நிறுவனம் தரவேண்டும் என்பது புதியதிலும் இருக்கிறது.

அடுத்தது பி.எஃப். பழையவர் யாருக்கும் வேலையை விட்ட தேதியைப் பதியவில்லை. அது இல்லாமல் பழைய கணக்கைப் புதியதோடு சேர்க்க முடியாது. புதியவர் அலுவலகப் பையன் எட்டுப் பேருக்குப் பழைய யு.ஏ.என். எண்ணை, அதாவது பி.எஃப். உறுப்பினர் எண்ணை, கேட்காமல் புது எண்ணே போட்டுவிட்டான். போதாததற்கு ஒரு புரோக்கர் வந்து, "பழைய பணத்தை எடுத்துடுங்க, இல்லேன்னா முடங்கிடும்" என்று கிளப்பிவிட்டார். முடங்காது. யு.ஏ.என். ஆயுளுக்கும் ஒன்றுதான், எத்தனை கான்ட்ராக்டர் மாறினாலும் அதே எண்ணின் கீழ் இன்னொரு கணக்குத்தான் சேரும். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆனதும் விலகிய தேதியை நாமே இணையத்தில் பதியலாம். நான் அப்படித்தான் செய்தேன். புரோக்கரை நம்பி ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு அதுவரை சேர்ந்த சர்வீஸ் காலியாகிவிட்டது. மாதப் பென்ஷன் கிடைக்க 10 வருட சர்வீஸ் வேண்டும், அவர்கள் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும்.

இ.எஸ்.ஐ.யிலும் இதே கூத்து. லிஃப்ட் ஆபரேட்டர் ஒருவருக்கு ஆறு வருடமாக இருந்த காப்பீட்டு எண்ணை விட்டுவிட்டுப் புது எண் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஆகஸ்டில் அவர் முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் படுத்தபோது, "நீங்கள் ஏப்ரலில்தான் சேர்ந்திருக்கிறீர்கள், நோய்க்கால உதவித்தொகைக்குத் தகுதி வரவில்லை" என்று பதில் வந்தது. புதிதாகச் சேர்கிறவருக்கு அந்தத் தொகை தொடங்க ஒன்பது மாதம் ஆகும். பழைய எண்ணோடு இணைக்க அவர் மனைவிதான் மூன்று மாதம் அலைந்தார்.

இதெல்லாம் அலைச்சல், ஒரு வழியாகச் சரியாகிவிட்டது. சரியாகாத ஒன்று கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அப்போது நடைமுறையில் இருந்த 1972 பணிக்கொடைச் சட்டப்படி ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஐந்து வருடம் வேலை செய்திருந்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் பணிக்கொடை. ராஜினாமா செய்தாலும் உண்டு. எனக்குக் கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,600 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 9,000. ஐந்து வருடத்துக்கு 45,000.

டெண்டர் மூன்று வருடத்துக்கு, பணிக்கொடைக்கு வேண்டியது ஐந்து வருடம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே அனுப்பப்பட்ட ஒரு அக்கா அந்தக் கட்டடத்தின் ஆறாவது மாடியை ஒன்பது வருடம் துடைத்தவர். 2018-க்கு முன் இருந்த கான்ட்ராக்டரிடம் நாலு வருடம் சொச்சம், 2018-இல் வந்தவரிடம் நாலே முக்கால் வருடம். மாடி மாறவில்லை, மாப்கூட மாறவில்லை, முதலாளி பெயர் மட்டும் மாறியது. கணக்குப்படி அவர் எங்கேயும் ஐந்து வருடம் வேலை செய்யவில்லை. பிரிட்டனில் 2006 முதல் உள்ள விதிகளின்படி, ஒப்பந்தம் கைமாறினால் பொதுவாக ஆட்களும் பழைய சர்வீஸோடு கைமாறுவார்கள் என்று படித்தேன். இங்கே அப்படி எதுவும் இல்லை. நிரந்தரம் கேட்டுப் போராடலாம் என்று சிலர் கிளம்பினார்கள். ஒப்பந்த முறையை ஒழித்தாலும் ஆட்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2001-இலேயே சொல்லிவிட்டது. ஒப்பந்தமே பேருக்குத்தான் என்று நிரூபித்தால்தான் கதை வேறு, அது பல வருட வழக்கு.

எனக்கு இன்னொரு விஷயம் தெரிந்தது 2024 ஜூனில். ஐந்தாவது வருடம் முழுதாக முடிய வேண்டியதில்லை. நாலு வருடமும் அதற்கு மேல் 240 நாளும் இருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. விரல் விட்டு எண்ணினேன். 2022 ஜூலை 16-இலிருந்து 2023 மார்ச் 31 வரை, வார விடுமுறையும் சேர்த்து 259 நாள். அந்த அக்காவுக்கு 300-க்கு மேல்.

ஓடிப்போய் பழைய கான்ட்ராக்டர் அலுவலகத்தில் கேட்டேன். ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்கள். சேர்ந்த தேதி: 2018 அக்டோபர்.

முதல் மூன்று மாதம் எங்கள் எல்லோரையும் 'ட்ரெய்னி' என்று சொல்லி, சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். பி.எஃப். பிடிக்கவில்லை. கைக்கு முழுச் சம்பளம் வருகிறதே என்று அப்போது எங்களுக்குச் சந்தோஷம்தான். சட்டப்படி பி.எஃப். சேர்ந்த முதல் நாளிலிருந்தே பிடிக்க வேண்டும். அந்த மூன்று மாதத்தைக் கழித்ததும் என் 259 நாள் 167 ஆகிவிட்டது. அக்காவுக்கு 212. 62 பேரில் ஒருவர்கூட 240-ஐத் தொடவில்லை. இதை முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்தார்களா, இல்லை மூன்று மாதப் பங்களிப்பை மிச்சம் பிடிக்கச் செய்தது இப்படி வந்து வாய்த்ததா? எனக்கு என்னவோ முதலாவது என்றுதான் படுகிறது.

பணிக்கொடை வழக்கை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுப் போட்டேன், என்னோடு ஆறு பேர். கான்ட்ராக்டர் வக்கீல் மூன்று வாதம் வைத்தார். ட்ரெய்னி என்றால் அப்ரண்டிஸ், அப்ரண்டிஸுக்குப் பணிக்கொடை கிடையாது. இவர்களே சொந்தக் காரணத்துக்காக விலகியவர்கள். பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசி இரண்டும் சட்டத்தின் முன் நிற்காது என்று எங்கள் வக்கீல் சொன்னார்; பணிக்கொடையை எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது. கட்டடத்துக்காரர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தார். மேட்டூர் அனல்மின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளர் வழக்கில், கான்ட்ராக்டர் தராத பணிக்கொடையை முதன்மை நிறுவனம் கொடுத்துவிட்டு வசூலித்துக்கொள்ளட்டும் என்ற நிலையை 2012-இல் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்திருக்கிறதாம்.

பிரச்சினை முழுக்க முதல் வாதத்தில்தான். 2018 ஜூலையில் நான் அங்கே முழு வேலை பார்த்தேன் என்பதற்கு ஆதாரம்? பணம் வங்கிக்கு வரவில்லை. நியமனக் கடிதம் தரவே இல்லை. ஐ.டி. கார்டை கான்ட்ராக்டர் மாறியபோது திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அதையும் நான் நகல் எடுக்கவில்லை. லாக்புக்கில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் என் கையெழுத்து இருக்கும், ஆனால் அது கட்டடத்துக்காரர்கள் வசம். பழைய லாக்புக்குகளை அழித்துவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கடைசியில் சாட்சி சொல்ல வந்தது யார் தெரியுமா? அந்தத் தாளை நீட்டிய சூப்பர்வைசர். 2018-இல் அவரும் என்னோடு ஷிஃப்ட் பார்த்த டெக்னீஷியன்தான். நான் கேட்கத் தயங்கினேன், அவரே போன் செய்தார். தன் பழைய போனில் இருந்த ஷிஃப்ட் குரூப் மெசேஜ்களைக் கொண்டுவந்தார். 2018 ஜூலை 19-ஆம் தேதி நைட் ஷிஃப்ட், கம்ப்ரஸர் ட்ரிப் ஆன போட்டோ, கீழே என் பெயரில் நான் அனுப்பிய ரீடிங். வெளியே வந்ததும், "அன்னைக்கு என்னோட தாளும் அதே கட்டுலதான் இருந்துச்சுண்ணே, நானும் படிக்கல" என்றார்.

விசாரணை முடிந்து உத்தரவுக்காகக் காத்திருக்கிறோம். ஆறாவது மாடி அக்கா எங்களோடு மனுவில் சேரவில்லை. "அந்தக் கட்டடத்துப் பக்கமே வரமாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டார்.

இப்போது இருக்கிற கான்ட்ராக்டரின் மூன்று வருடமும் இந்த மார்ச்சோடு முடிகிறது. டெண்டர் விட்டாகிவிட்டது. போன வாரம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மற்ற 50 பேரையும் தனித்தனியாகப் பிடித்தேன். ஐ.டி. கார்டு இரண்டு பக்கமும், யு.ஏ.என்., காப்பீட்டு எண், முதல் மாதச் சம்பளச் சீட்டு, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பச் சொன்னேன். புதிய சட்டப்படி நியமனக் கடிதம் எழுத்தில் தரவேண்டும், கேட்டு வாங்கச் சொன்னேன். அதில் குறிப்பிட்ட கால நியமனம் என்று போட்டிருந்தால் ஒரு வருடத்திலேயே பணிக்கொடைக்குத் தகுதி வந்துவிடும் என்பதால் அந்த வரியைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். விலகல் கடிதத்தை நீட்டினால், 'ஒப்பந்தம் முடிந்ததால்' என்று நம் கையால் எழுதி, தேதி போட்டு, போட்டோ எடுத்த பிறகே கொடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். 38 பேர் சரி என்றார்கள். மற்றவர்கள், "முதல்ல வேலை இருக்கான்னு தெரியட்டும்ண்ணே" என்கிறார்கள்.