எண்ணெய் கசிந்தால் எந்த வரைபடத்தை விரிப்பது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்துக்கு வடக்கே உள்ள தெலுக் ஆயர் தாவாரில் கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். அதில் உள்ளான் பறவைகள் குனிந்த தலை நிமிராமல் மேயும். 1992-ல் மலாக்கா நீரிணையில் நாகசாக்கி ஸ்பிரிட் கப்பல் மோதியபோது சுமார் 13,000 டன் கச்சா எண்ணெய் கொட்டியது. அப்படி ஒன்று மறுபடி நடந்தால் எந்தக் கரையை முதலில் காப்பது? அதைச் சொல்ல இரண்டு வரைபடங்கள் உண்டு.

ஒன்று, கரையோர உணர்திறன் வரைபடம். கரைக்கு 1 முதல் 10 வரை எண் போட்டு, வண்ணக் கோடாக வரைவார்கள். அலை மோதும் பாறைக்கு 1, ஏனென்றால் கடலே கழுவிவிடும். அலையாத்திக் காட்டுக்கு 10. வேர்களுக்குள் புகுந்த எண்ணெய் வருடக்கணக்கில் நிற்கும்.

ஆனால் அந்த எண்களை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். மணல் கடற்கரைக்கு 3, 4 தான் கிடைக்கும். பினாங்குத் தீவின் பந்தாய் கெராச்சுட் அப்படிப்பட்ட மணல்தான், அங்கேதான் பச்சை ஆமை முட்டையிட ஏறுகிறது! எண் பேசுவது எண்ணெயைத் துடைக்கும் சிரமத்தை, ஆமையை அல்ல. அதனால்தான் இந்த வரைபடத்தில் விலங்குகளுக்குத் தனிக் குறிகளும், எது எந்த மாதம் இருக்கும், எப்போது இனப்பெருக்கம் செய்யும் என்ற அட்டவணையும் சேர்த்திருப்பார்கள். என்னைக் கேட்டால் வண்ணக் கோடுகளைவிட அந்த அட்டவணைக்குத்தான் மதிப்பு அதிகம்.

இன்னொன்று, பறவை பார்ப்பவர்கள் கைப்பேசியில் பதிந்து வளரும் இபேர்ட் (eBird) என்ற இணையப் பதிவேட்டின் வரைபடம். நேற்றைய எண்ணிக்கை இன்று கிடைக்கும், செலவும் இல்லை. சரி, புள்ளிகள் எங்கே விழுகின்றன? கார் நிறுத்த முடிகிற இடத்தில். நானே ஒருமுறை படகுத்துறையில் நின்றபடி பதிந்தேன். பறவைகள் அரை கிலோமீட்டர் தள்ளிச் சேற்றில் இருந்தன, புள்ளி மட்டும் மீன் கூடைகளுக்கு நடுவில். அப்புறம், அழியும் நிலையிலுள்ள சில இனங்களின் சரியான இடத்தை இபேர்ட் வேண்டுமென்றே மறைத்துவைக்கும். வேட்டைக்காரர்களுக்குப் பயந்து செய்வது நியாயம்தான், ஆனால் எண்ணெய் வரும் இரவில் அது இடைஞ்சல். ஆமை, ஓங்கில் (டால்பின்) எல்லாம் அதன் கணக்கிலேயே இல்லை.

என் ஓட்டு உணர்திறன் வரைபடத்துக்குத்தான், ஆனால் அதன் பறவைப் பகுதியை வருடந்தோறும் இபேர்ட்டை வைத்துத் திருத்த வேண்டும். அச்சிட்டுப் பத்து வருடம் அலமாரியில் கிடந்த தாளால் புண்ணியமில்லை. கரையைக் காக்கும் குழு ஒன்றுதான் என்றால், நவம்பரில் வலசைப் பறவைகள் நிறைந்த தெலுக் ஆயர் தாவாருக்கு அனுப்புவேன். ஆமை முட்டையிட ஏறும் ஜூனில் படகு கெராச்சுட்டுக்குப் போகும்.