சாவிக்கொத்து பிரீத் அனலைசர்: இதை நம்பி வண்டி எடுக்காதீர்கள்

ஹாஸ்டல் பையன்கள் வாங்கும் மலிவான செமிகண்டக்டர் சென்சார் ரகம் இது. குடித்த கையோடு ஊதினால் வாயில் ஒட்டியிருக்கும் ஆல்கஹாலைச் சேர்த்து எகிறிக் காட்டும். வாய் கொப்பளித்து, 20 நிமிடம் கழித்து, மூச்சு அறுபடாமல் ஊத வேண்டும். சிகரெட் புகையும் சென்னைப் புழுக்கமும்கூட எண்ணைக் குழப்பும்.

பெரிய ஆபத்து, உடம்பில் ஆல்கஹால் மிச்சமிருக்கும்போதே குறைத்துக் காட்டுவதுதான். சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 42.8 சதவீதச் சரக்கு ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம் ஆல்கஹால். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். இரவு பத்துக்கு முடித்தவர் விடியற்காலை ஈசிஆரில் பைக் எடுக்கும்போதும் போதை மிச்சமிருக்கலாம். மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் அதை விரட்டாது.

வாங்கியே தீரவேண்டுமென்றால் ஃபியூயல் செல் சென்சார் (ஆல்கஹாலை வேதிவினையால் மின்சாரமாக்கி அளக்கும் ரகம்) பார்த்து வாங்குங்கள். காலிபரேஷன், அதாவது அளவைச் சரிபார்த்துத் திருத்தும் வசதி இல்லாததைத் தொடாதீர்கள்.