வத்திகானுக்குப் பக்கத்தில் ஒரு பேய்க்கடை

ரோம் போகிறேன், எதைப் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்குக் கொலோசியத்தையும் வத்திகானையும் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது வியா தெய் கிராக்கி தெரு, 260ஆம் எண். பிராத்தி பகுதியில் இருக்கிறது, மெட்ரோவில் ஏ தடத்தில் ஏறி லெபாந்தோவில் இறங்கினால் கொஞ்ச தூரம், வத்திகான் பார்த்துவிட்டு நடந்தே வந்தாலும் வரலாம். அமைதியான, கொஞ்சம் வசதியான ஆட்கள் வாழும் பகுதி. அங்கே ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ என்று ஒரு சின்னக் கடை. பேய்ப்பட, விண்வெளிப்பட, பூதப்படப் பைத்தியங்களுக்கென்றே நடக்கிற கடை.

1989இல் திறந்தது. இத்தாலியத் திகில் பட இயக்குநர் டாரியோ அர்ஜென்டோவின் கடை, 1975இல் வந்த அவர் படத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் கடையின் உயிர் அவரில்லை, அவருடைய நண்பர் லூயிஜி கோட்ஸி. அதிர்ஷ்டம் இருந்தால் அவரே கல்லாப் பக்கம் உட்கார்ந்திருப்பார், ஆங்கிலத்தில் பேசுவார், கேட்டால் கையெழுத்தும் போட்டுத் தருவார். அவர் யார் என்று தெரியாமல் உள்ளே போனால் ரப்பர் முகமூடி, பொம்மை, புத்தகம், டிஸ்க் எல்லாம் விற்கிற ஒரு நெரிசலான கடை, அவ்வளவுதான். தெரிந்து போனால் கதையே வேறு.

முதலில் கீழே இருக்கும் மியூசியத்தைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கடைக்குள்ளிருந்தே ஒடுக்கமான படி இறங்குகிறது, கீழே அடித்தளத்தில் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து அர்ஜென்டோ இயக்கிய, தயாரித்த படங்களின் காட்சிகளைப் பொம்மைகளையும் படத்துப் பொருட்களையும் வைத்து அமைத்திருக்கிறார்கள். ஃபெனோமினா, டெமன்ஸ், ஓபரா எல்லாம் இருக்கின்றன, ஒலிபெருக்கியில் ஒரு குரல் விளக்கம் சொல்லிக்கொண்டே வரும். அனுமதிக் கட்டணம் சில யூரோக்கள்தான், ரோமில் ஒரு ஐஸ்கிரீம் வாங்குகிற அளவு. யூனிவர்சல் ஸ்டுடியோ மாதிரி எதையாவது எதிர்பார்த்து இறங்கினால் ஏமாந்துதான் ஏறி வருவீர்கள். வெளிச்சம் மங்கல், இடம் குறுகல், பொம்மைகள் பொம்மைகளாகவே தெரியும். எனக்கு அதுதான் பிடித்தது. டெமன்ஸ் படத்தில் பெர்லின் தியேட்டர் ஒன்றில் படம் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிசாசாக மாறுவார்கள், பல் முளைக்கும், நகம் பிதுங்கிக்கொண்டு வரும். 1985இல் கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் செர்ஜியோ ஸ்டிவலெட்டி என்கிற கலைஞர் ரப்பரையும் சாயத்தையும் வைத்துச் செய்த வேலை அது. இந்த மாதிரி வேலையின் மடிப்பையும் ஒட்டுப் போட்ட இடத்தையும் கிட்டப் போய்ப் பார்க்க முடிகிறபோது பயம் கொஞ்சம் குறைந்து மரியாதை கூடுகிறது.

சரி, கோட்ஸிக்கு வருகிறேன். கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தது பாதி இவரைப் பற்றி எழுதத்தான்.

1947இல் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே அறிவியல் புனைகதை வெறியர், அமெரிக்காவின் பூதப்பட ரசிகர் பத்திரிகை ஒன்றுக்கு இத்தாலியிலிருந்து செய்தி எழுதி அனுப்பியவர். அப்புறம் அர்ஜென்டோவோடு சேர்ந்து கதை எழுதினார். 1977இல் ஸ்டார் வார்ஸ் வந்து உலகமே பைத்தியம் பிடித்து அலைந்தபோது எங்களுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்க, இவர் எடுத்துக் கொடுத்ததுதான் ஸ்டார்கிராஷ். டைட்டிலில் இயக்குநர் பெயர் லூயிஸ் கோட்ஸ் என்று வரும், இத்தாலியப் பெயர் இருந்தால் வெளிநாட்டில் விற்காது என்பதால் அந்தக் காலத்தில் பலரும் இப்படித்தான் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1979இல், கம்மிக் காசுப் படங்களுக்குப் பேர்போன தயாரிப்பாளர் ரோஜர் கார்மனின் கம்பெனி அதை வெளியிட்டது.

படத்தைப் பார்த்தால் ஒன்று தெளிவாகப் புரியும். கேட்டது ஸ்டார் வார்ஸ், கொடுத்தது சிந்துபாத். கோட்ஸியின் நெஞ்சுக்குள் இருந்தது ஜார்ஜ் லூகாஸ் இல்லை, பொம்மைகளை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் படம் எடுத்த ரே ஹாரிஹவுசன். அதனால்தான் நாயகியாக கரோலின் மன்ரோ, ஹாரிஹவுசனின் சிந்துபாத் படம் ஒன்றில், ஆறு கைக் காளி சிலை வாள் சுழற்றுமே அந்தப் படத்தில், நடித்தவர். ஸ்டார்கிராஷில் ஒரு கடற்கரையில் பிரம்மாண்டமான பெண் சிலை உயிர் பெற்றுத் துரத்தும், இரண்டு இயந்திர மனிதர்கள் விட்டுவிட்டு அசைந்தபடி வாள் சண்டை போடும். விண்வெளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு பையன் தியேட்டரில் வாயைப் பிளந்து பார்த்ததையெல்லாம் வளர்ந்த பிறகு அடுத்தவர் காசில் எடுத்துப் பார்த்திருக்கிறான்.

வானத்தில் நட்சத்திரங்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்று கல்யாண வீட்டு சீரியல் லைட் போல மின்னும். வில்லனின் கோட்டையான விண்கப்பல் ஒரு ராட்சதக் கை, சண்டை வந்தால் விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொள்ளும். கடைசிச் சண்டையில் சக்கரவர்த்தியின் வீரர்கள் டார்பிடோவுக்குள் உட்கார்ந்து பறந்து வந்து வில்லன் கப்பலின் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே குதிப்பார்கள், ஜன்னல் உடைந்தால் காற்றெல்லாம் வெளியே போய்விடுமே என்று ஒருத்தரும் கவலைப்படுவதில்லை. கிரகமே வெடிக்கப்போகிறது, சக்கரவர்த்தியாக வரும் கிறிஸ்டோபர் பிளம்மர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் காலத்தை நிறுத்தச் சொல்லிக் கப்பலுக்கு உத்தரவு போடுவார், அதுவும் நிற்கும். அவ்வளவு பெரிய நடிகர் அந்த வசனத்தைச் சிரிக்காமல் சொன்னதற்கே விருது கொடுத்திருக்க வேண்டும். மகனாக வருவது டேவிட் ஹாசல்ஹாஃப், பேவாட்ச் பார்த்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். இசை யார் தெரியுமா? ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு இசையமைத்த ஜான் பேரி. காட்சி ஒரு பக்கம் ஆட்டம் காணும்போது அந்த இசை பாட்டுக்கு மாபெரும் காவியத்துக்குப் போட்டது மாதிரி கம்பீரமாகப் போய்க்கொண்டிருக்கும்.

ஸ்டார்கிராஷ் வந்த அதே 1978இல்தான் விட்டலாச்சார்யாவின் ஜெகன்மோகினி வந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துப் பேய் சமைக்கிற படத்தை டப்பிங்கில் பார்த்து வளர்ந்த நமக்கு ஸ்டார்கிராஷ் பார்க்கத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. காசு கம்மி, ஆசை பெரிசு, கூச்சம் கிடையாது, இரண்டும் ஒரே ஜாதிதான்.

இத்தாலியில் இது தனி மனிதர் கிறுக்கு இல்லை, தொழிலே அப்படித்தான் நடந்தது. ஒரு படம் ஓடினால் அதே சாயலில் வரிசையாகப் படம் வரும், கூட்டம் அலுக்கும்வரை எடுப்பார்கள், அப்புறம் அடுத்த வரிசை. 1958இல் ஹெர்குலிஸ் ஓடியதும் சில ஆண்டுகளுக்குத் தசைபிடித்த வீரர்கள், 1964க்குப் பிறகு கௌபாய்கள், 1970 வாக்கில் கையுறை போட்ட கொலைகாரர்கள். அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் ஜாம்பி படத்தை ஐரோப்பாவுக்கு அர்ஜென்டோ வெட்டித் தொகுத்து ஜாம்பி என்ற பெயரில் விட, அது ஓட, 1979இல் லூசியோ ஃபுல்சி எடுத்த படத்துக்கு ஜாம்பி 2 என்றே பெயர் வைத்துவிட்டார்கள், முதல் படத்தோடு கதையில் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. இந்தியானா ஜோன்ஸ் வந்த அடுத்த வருஷமே, 1982இல், அன்டோனியோ மார்கெரிட்டி பிலிப்பைன்ஸ் காட்டுக்குப் போய்த் தங்க நாகத்தைத் தேடுகிற படம் எடுத்தார். மினியேச்சர் வைத்துப் படம் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். அவர் பெயரைத்தான் டாரன்டினோ தன் நாஜி வேட்டைப் படத்தில் ஒரு பாத்திரத்துக்குப் பொய்ப்பெயராக வைத்தார்.

காப்பி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அச்சு அசலாகக் காப்பியடித்த படங்களைப் பார்த்தால் எனக்கும் தூக்கம்தான் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் காப்பியடிக்கக் காசு போதாமல் போகிறபோது எடுப்பவர் தன் சொந்தச் சரக்கைப் போட்டு ஓட்டையை அடைக்க வேண்டியிருக்கிறது, நான் இந்தப் படங்களைப் பார்ப்பதே அந்த ஓட்டைகளுக்காகத்தான். கோட்ஸியின் கான்டாமினேஷனைப் பாருங்கள், ஏலியன் வந்த அடுத்த வருஷம் எடுத்தது. ஏலியனில் முட்டையிலிருந்து ஒரு ஜந்து வந்து முகத்தில் ஒட்டி, அப்புறம் நெஞ்சைப் பிளந்துகொண்டு இன்னொன்று வரும். இவர் நடுவில் உள்ளதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டார். முட்டை வெடிக்கும், மேலே பட்டவர் வயிறும் வெடிக்கும், அதுவும் ஸ்லோ மோஷனில், காப்லின் என்ற இத்தாலிய ராக் குழுவின் இசையோடு. நியூயார்க் துறைமுகத்துக்கு ஆளில்லாமல் வந்து சேரும் கப்பல், அதில் காப்பிப் பெட்டிகளுக்குள் பச்சை முட்டைகள், தடம் பிடித்துப் போனால் கொலம்பியா. நடுவில் கொஞ்சம் இழுவை, ஒத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் எண்பதுகளில் ஆபத்தான வீடியோக்கள் என்று போட்ட பட்டியலில் இதுவும் இருந்தது, பின்னால் ஒரு வெட்டும் இல்லாமல் 15 வயதுக்காரர்களே பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்.

1977இல் இவர் செய்த இன்னொரு வேலை இதைவிடப் பெரிய கூத்து. பழைய காட்ஸில்லா படத்தை இத்தாலியில் மறுபடி வெளியிட நினைத்தார், கறுப்பு வெள்ளையை யார் பார்ப்பார்கள் என்று விநியோகஸ்தர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆள் அசரவில்லை, நிறத் தாள்களை வைத்துப் படம் முழுக்கச் சாயமேற்றினார், நீளம் பற்றாததற்குப் போர்க்காலச் செய்திப்படத் துண்டுகளையும் வேறு படங்களின் காட்சிகளையும் நடுவில் சொருகினார். சிவப்பும் ஊதாவுமாக, காய்ச்சலில் வந்த கனவு மாதிரி இருக்கும். மூலப்படத்தை மதிப்பவர்களுக்குக் கோபம் வரலாம், எனக்கு வரவில்லை.

இப்படி ஒரு ஆள் நடத்துகிற கடை என்பதால்தான் அலமாரியில் கலைப்பட மேதை ஃபெல்லினி இல்லாமல் பல்லிமனிதர்கள் இருக்கிறார்கள். விலைகள் ரோம் விலைகள்தான், மலிவு என்று சொல்ல மாட்டேன்.

என்ன வாங்கலாம்? கடைப் பெயரிலேயே அவர்கள் புத்தகங்களும் பதிப்பிக்கிறார்கள், கோட்ஸி எழுதியதும் நிறைய உண்டு, பெரும்பாலும் இத்தாலியனில். மொழி தெரியாவிட்டாலும் பழைய போஸ்டர், ஸ்டில் படங்களுக்காக ஒன்று வாங்கலாம், நான் அப்படித்தான் வாங்கினேன், அவ்வப்போது புரட்டிக்கொண்டிருக்கிறேன். டிஸ்க் வாங்குவதில் கவனம் வேண்டும். டிஸ்க்குகளை உலகின் பகுதிவாரியாக மண்டலம் பிரித்து விற்கிறார்கள், ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்து பிளேயரில் ஓடாது. இத்தாலிய டிவிடி மண்டலம் 2, நம் ஊர் மண்டலம் 5. ப்ளூரேயிலும் அவர்கள் பி, நாம் சி. எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயர் இல்லையென்றால் வீட்டுக்கு வந்து அதை வைத்து முகம்தான் பார்க்கலாம். இத்தாலிய வெளியீடுகளில் ஆங்கில சப்டைட்டில் இல்லாமலும் இருக்கும், அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பணத்தை நீட்டுங்கள். ஆங்கில ஒலி இருந்தால் போதும், தைரியமாக வாங்கலாம். அந்தக் காலத்து இத்தாலியப் படங்களைப் பெரும்பாலும் ஒலி பதியாமல் எடுத்துவிட்டு அப்புறம்தான் டப் செய்வார்கள், நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசி நடித்திருப்பார்கள், எனவே இத்தாலியனில் பார்த்தாலும் வாய் ஒட்டாது, ஆங்கிலத்தில் பார்த்தாலும் ஒட்டாது. ஸ்டார்கிராஷில் கரோலின் மன்ரோவின் ஆங்கிலத்துக்கே வேறொரு நடிகைதான் குரல் கொடுத்தார்.

சின்னக் குழந்தைகளைக் கீழே அழைத்துப் போகாதீர்கள், முட்டி வலிக்காரர்களும் அந்தப் படியை யோசித்து இறங்குங்கள். அர்ஜென்டோ பெயரையே கேள்விப்படாத நண்பரை இழுத்துக்கொண்டு போனால் அவர் பத்து நிமிஷத்தில் வாசலில் நின்று போன் பார்க்க ஆரம்பித்துவிடுவார், அவரைக் காபிக்கடையில் உட்காரவைத்துவிட்டுத் தனியாகப் போவது நல்லது. போவதற்கு முன் வீட்டில் இரண்டு மூன்று படமாவது பார்த்துவிட்டுப் போங்கள். முதலில் ஸ்டார்கிராஷ். பிறகு டெமன்ஸ், அதை ராத்திரி, நாலு பேரோடு. லூ ஃபெரிக்னோ நடித்து 1983இல் கோட்ஸி எடுத்த ஹெர்குலிஸையும் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு கரடியைத் தூக்கி வானத்தில் எறிவார், அது போய் நட்சத்திரக் கூட்டமாக நிற்கும். கான்டாமினேஷனை மட்டும் சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம், முட்டை தோசையென்றால் கண்டிப்பாக வேண்டாம்.