மூன்று டிஸ்க், ஒரே ஃபோல்டர்: ஆறு வருடக் கணக்கு

கலியாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதையைப் பார்த்தபடி மூன்றாம் மாடியில் ஓர் அறை. பொன்னுருக்கில் தொடங்கி ரிசெப்ஷன் முடியும் வரை இரண்டு கேமரா ஓடினால், ஒரு கலியாணத்துக்கு 150, 200 ஜிபி வந்துவிடும். வீடியோவைக் கொடுத்து முடித்ததும் அழித்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு இந்தத் தொழில் தெரியாது. மூன்று வருடம் கழித்து வந்து, "தம்பி, அந்த ஒரிஜினல் இருக்குதோ?" என்று நிற்பார்கள். அதனால் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும். பல டிஸ்க்கை ஒரே ஃபோல்டராகக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ் என்ற மென்பொருளுக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதுதான் இந்தக் கணக்கு.

2019 இல் என்னிடம் இரண்டு 2 டிபி டிஸ்க்கும் ஒரு 1 டிபி டிஸ்க்கும் இருந்தன. எது எதில் இருக்கிறது என்று தேடுவதே தனி வேலையாகிவிட்டது. பழைய டெஸ்க்டொப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, பல டிஸ்க்கை ஒன்றாக்கும் எல்விஎம் வசதியில் மூன்றையும் சேர்த்து, அதன் மேல் ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் (எந்தக் கோப்பு எங்கே என்று கணக்கு வைக்கும் அமைப்பு) போட்டேன். பிவிகிரியேட், விஜிகிரியேட், எல்விகிரியேட் என்று மூன்று கட்டளை: கால் மணி நேர வேலை. 5 டிபி ஒரே துண்டாகத் தெரிந்தபோது வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. இடம் போதாவிட்டால் இன்னொரு டிஸ்க்கைச் செருகி நீட்டிக்கொள்ளலாம். இரண்டரை வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த இரண்டரை வருடத்தில் ஒரு டிஸ்க் செத்தால் என்ன ஆகும் என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள், ஞாபகம் இருக்கும். யூபிஎஸ் பற்றரி நிரம்புவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். ஏப்ரலில் ஒரு நாள் கரண்ட் வந்ததும் நடுவில் இருந்த 2 டிபி டிஸ்க் டக் டக் என்று அடித்துவிட்டு அடங்கியது. மற்ற இரண்டும் நல்லாக இருந்தன. ஆனால் எல்விஎம்மில் மூன்றின் மேலும் இருப்பது ஒரே ஃபைல் சிஸ்டம். அதன் கணக்குப் புத்தகமே மூன்றிலும் பரந்து கிடக்கிறது. நடுப்பக்கங்களைக் கிழித்தால் மீதி வாசிக்கக் கிடைக்காது. அந்த நேரம் டொலர் ஏறிய ஏற்றத்தில் புது டிஸ்க் வாங்கும் விலையிலும் இல்லை.

தப்பிய இரண்டு டிஸ்க்கிலும் ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். அது கோப்பின் தலைப்பு அடையாளத்தைப் பார்த்துப் பொறுக்கி எடுக்கும்; பெயர், ஃபோல்டர், திகதி எதுவும் திரும்பாது. வெறும் இலக்கத்தையே பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்தன. அடுத்த மாதம் ஓர் அக்கா கோல் எடுத்தார். "தம்பி, அப்பா போன கிழமை மோசம் போயிட்டார். கலியாண வீட்டில அவர் மைக்கில கதைச்சதை ஒருக்கா எடுத்துத் தரேலுமே?" மூன்று இரவு அந்த இலக்கங்களைத் திறந்து திறந்து பார்த்தேன். கிடைத்தது நாற்பது செக்கன். அதற்குப் பிறகு படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. அதையே வெட்டிக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் மெர்ஜர்எஃப்எஸ்ஸுக்கு வந்தேன். இதில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தன் தன் ஃபைல் சிஸ்டம். மேலே ஒரு மெல்லிய போர்வை மட்டும் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும். ஒரு கோப்பு முழுதாக ஒரு டிஸ்க்கில்தான் இருக்கும். எந்த டிஸ்க்கைக் கழற்றி எந்த லினக்ஸ் பெட்டியில் செருகினாலும் உள்ளதை அப்படியே வாசிக்கலாம். 4, 4, 2 டிபி என்று மூன்று டேட்டா டிஸ்க். 10 டிபி வாங்கினீர்களே, இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை 9.1 தானே காட்டுகிறது என்று உதவிக்கு வரும் பெடியன் கேட்டான். கடைக்காரர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கொம்பியூட்டர் 1024 ஆல் வகுக்கிறது, வேறொன்றுமில்லை.

வேகம் பற்றிப் பயந்தேன், வீண் பயம். மெர்ஜர்எஃப்எஸ் ஃபியூஸ் என்ற இடைத்தட்டு வழியாகப் போவதால் கொஞ்சம் மெதுவாகும் என்பது உண்மைதான். ஆனால் ஃபோல்டரை மற்றக் கொம்பியூட்டருக்குப் பகிரும் சம்பா மூலம் ஜிகாபிட் நெட்வேர்க் வயரில் வேலை செய்பவனுக்கு முட்டுவது வயரில். செக்கனுக்கு சுமார் 110 எம்பிக்கு மேல் எப்படியும் போகாது. எடிட் நடக்கும் ப்ரொஜெக்ட் எஸ்எஸ்டியில், முடிந்தவை இங்கே.

என்னைக் கடுப்பாக்கியது வேறு விசயம். ஒரு சனி இரவு பம்பலப்பிட்டியில் கலியாணம் முடித்து வந்து, ஒரு மணிக்குக் கார்டை கொப்பி பண்ணுகிறேன். "இடமில்லை" என்கிறது. டிஎஃப்பில் 2.7 டிபி சும்மா கிடக்கிறது! கார்டைப் பார்க்கிறேன், கேபிளைப் பார்க்கிறேன், அரை மணி நேரம் போனது. கடைசியில் விளங்கியது: நான் போட்டிருந்த ஈபிஎம்எஃப்எஸ் என்ற கொள்கை, ஃபோல்டர் ஏற்கனவே இருக்கும் டிஸ்க்கில் மட்டும்தான் புதுக் கோப்பை வைக்கும். என் ஃபோல்டர் இருந்தது முதல் டிஸ்க்கில். அது நிரம்பிவிட்டது. மற்ற இரண்டையும் அது திரும்பியும் பார்க்கவில்லை.

இணையத்தில் பலர் சொல்வது எம்எஃப்எஸ் போடு என்று, அதாவது எதில் இடம் அதிகமோ அதில் வை. போட்டேன். இப்போது ஒரே கலியாணத்தின் கிளிப்புகள் வெவ்வேறு டிஸ்க்குகளில் சிதறின. ஒரு டிஸ்க் செத்தால் பல கலியாணங்களில் ஓட்டை விழும். பழைய கதையின் தம்பி. இன்று வரை வைத்திருப்பது எம்எஸ்பிஎம்எஃப்எஸ் என்ற இன்னொரு கொள்கை. இடம் இருக்கும் வரை ஒரு கலியாணத்தை ஒரே டிஸ்க்கில் வைக்கும். இல்லாவிட்டால் ஒரு படி மேல் ஃபோல்டருக்குப் போய், அது இருக்கும் வேறு டிஸ்க்கைத் தேடும். என் தொழிலுக்கு இதுதான் சரி. பெயரை ஒரே மூச்சில் சொல்லத்தான் இன்னும் வரவில்லை.

மெர்ஜர்எஃப்எஸ் எதையும் காப்பாற்றாது, சேர்த்துக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அதனால் பக்கத்தில் ஸ்னாப்ரெய்ட் என்ற மென்பொருளும் ஒரு 4 டிபி பரிட்டி டிஸ்க்கும். பரிட்டி என்பது, செத்த டிஸ்க்கில் இருந்ததை மற்ற டிஸ்க்குகளை வைத்துத் திரும்பக் கணக்கிட்டு எடுக்க உதவும் தரவு. பரிட்டி டிஸ்க், டேட்டா டிஸ்க்குகளில் பெரியதற்குக் குறையக் கூடாது. பல டிஸ்க்கைக் கூட்டாக வைத்துத் தரவைக் காக்கும் சாதாரண ரெய்ட் போல ஸ்னாப்ரெய்ட் பரிட்டியை உடனுக்குடன் எழுதாது. சிங்க் கட்டளை கொடுக்கும்போதுதான் கணக்குப் போடும். கலியாண வீடியோ ஒருமுறை எழுதினால் மாறாது என்பதால் இரவுக்கு ஒருமுறை போதும். ஆனால் ஒரு கூத்து உண்டு. சிங்க் முடிந்த பிறகு ஒரு டிஸ்க்கில் நிறைய அழித்துவிட்டு, அடுத்த சிங்க் வருமுன் வேறொரு டிஸ்க் செத்தால், அழித்தவற்றோடு சேர்த்துக் கணக்குப் போட்டிருந்த பகுதிகளை மீட்க முடியாது. அழித்தால் அந்தக் கையோடு சிங்க் கொடுத்துவிடுகிறேன்.

2024 இல் பரீட்சை வந்தது. டிஸ்க் தன் உடல்நலம் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில், 2 டிபி டிஸ்க்கின் பெண்டிங் செக்டர் (வாசிக்கத் தடுமாறும் இடங்கள்) எண் நாளுக்கு நாள் ஏறியது. கடல் உப்புக் காற்றோ, வயதோ, ஒரு வெள்ளிக்கிழமை ஒரேயடியாகப் போய்விட்டது. இந்த முறை மற்ற இரண்டு டிஸ்க்கும் அப்படியே வாசித்தன. அன்று பின்னேரமே ஒரு கலியாணத்தை ரெண்டர் செய்து கொடுத்தேன். மறுநாள் 4 டிபி ஒன்று வாங்கி, ஸ்னாப்ரெய்டின் ஃபிக்ஸ் கட்டளை கொடுத்துவிட்டுப் படுத்தேன். காலையில் கோப்புகள் தங்கள் பெயரோடு, தங்கள் ஃபோல்டரில் இருந்தன. பெயரோடு! இலக்கக் கோப்புகளோடு மல்லுக்கட்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பட்டு அறிந்த இன்னொன்று. எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டரில் இணைப்பது என்று எழுதும் எஃப்எஸ்டாப் கோப்பில், ஒரு டிஸ்க் வராவிட்டாலும் பெட்டி எழும்பட்டும் என்று நோஃபெயில் போட்டிருந்தேன். ஒரு நாள் மூன்றாம் டிஸ்க் மவுண்ட் ஆகாமலே, அதாவது தன் ஃபோல்டரில் இணையாமலே, பெட்டி எழும்பியது. அது தெரியாமல் அந்த டிஸ்க்கின் ஃபோல்டருக்கு நேரடியாக, கோப்புகளைக் கொப்பி பண்ணும் ஆர்சிங்க் கட்டளையை ஓட்டினேன். எல்லாம் சிஸ்டம் எஸ்எஸ்டிக்குள் போய் அதை மூச்சு முட்ட நிரப்பிவிட்டது. டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருக்கும்போது அந்த வெறும் ஃபோல்டருக்கு சிஎச்ஆட்டர் கட்டளை மூலம் மாற்ற முடியாத அடையாளம் போட்டுவிட்டால், இப்படி எழுதப் போகும்போது பிழை காட்டி நின்றுவிடும்.

வீடு எரிந்தால், வெள்ளம் வந்தால், நானே கைதவறி அழித்துவிட்டு சிங்க் கொடுத்தால் பரிட்டி உதவாது. முடிந்த வீடியோக்களையும் முக்கியமான ஒரிஜினல்களையும் தனி டிஸ்க்கில் போட்டு, யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் அக்கா வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு பழையதை எடுத்து வருகிறேன். "உன்ர கலியாண வீடியோவை எப்ப கொண்டு வருவாய்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

இப்போது 12 டிபியில் 83 வீதம் நிரம்பிவிட்டது. மதர்போர்டில் சாட்டா துளை ஒன்றுதான் மிச்சம். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் இன்னொரு 4 டிபி வாங்கவேண்டும்.