காய்ச்சல் வந்தால் விடுதி அறையா, ஊருக்கு பஸ்ஸா?

ஐப்பசி மழை பிடித்ததும் கோவைக் கல்லூரி விடுதிகளில் இருமல் சத்தம் அறைக்கு அறை தாவத் தொடங்கிவிடும். நம் நாட்டில் ஃப்ளூ காய்ச்சல் ஆண்டுக்கு இரண்டு முறை தலைதூக்குகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை ஒருமுறை, மழைக்காலத்தை ஒட்டி இன்னொருமுறை. இந்த இரண்டாவது சுற்று வரும் நேரத்தில் பருவத் தேர்வும் கிட்டே வந்து நிற்கும். உடம்பு அனலாய்க் கொதிக்கும்போது இங்கேயே படுப்பதா, ஊருக்குக் கிளம்புவதா? விடுதித் துணைக் காப்பாளராக இருக்கும் என்னிடம் மழைக்காலம் முழுவதும் பிள்ளைகள் கேட்பது இதைத்தான். பெற்றோரிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "கிளம்பி வந்துவிடு, சாமி."

வீட்டின் பலம் பெரியது. நடுராத்திரியில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆள் இருக்கும். கேட்ட நேரத்தில் கஞ்சியும் கொள்ளு ரசமும் கிடைக்கும். விடுதியில் எட்டரை மணிக்கு மெஸ் கதவு மூடிவிட்டால் மதியம் வரை வெறும் வயிறுதான். காய்ச்சல்காரனுக்கு மருந்தைவிடத் தண்ணீரும் ஆகாரமும் ஓய்வுமே முதல் தேவை. அதை வீடு மாதிரி வேறெந்த இடமும் தராது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் வீட்டுக்கும் விடுதிக்கும் நடுவில் ஒரு பஸ் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை காந்திபுரத்தில் ஈரோடு பஸ்ஸையோ கோபி பஸ்ஸையோ பாருங்கள். மழைக்குப் பயந்து சன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டு, படி வரை ஆள் நிற்க, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் வண்டி அது. ஃப்ளூ வந்தவரிடமிருந்து கிருமி, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவுகிறது. அதிலும் முதல் மூன்று நான்கு நாட்கள்தான் மிகக் கடுமை. பிள்ளைகள் பஸ் ஏறுவது சரியாக அந்த நாட்களில்தான்.

அடுத்தது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. இருபது வயதுப் பையனை நான்கு நாள் படுக்கவைத்துவிட்டுப் போகும் இதே ஃப்ளூ, சர்க்கரை நோயுள்ள அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, நிமோனியாவாக மாறலாம். 65 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். பிரசவத்துக்கு அக்கா வந்திருக்கும் வீட்டுக்குக் காய்ச்சலோடு போவது எந்த வகையிலும் நியாயமில்லை.

நோய் வந்தால் இடத்தை விட்டு நகர்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் வாட்டியது. அந்த நினைவாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. அன்று வீட்டைக் காலி செய்ததில் அர்த்தம் இருந்தது. பிளேக்கைப் பரப்பிய எலித் தெள்ளுப்பூச்சி வீட்டுக்குள் இருந்தது. ஃப்ளூவோ கிளம்பும் ஆளின் மூச்சோடு கூடவே கிளம்பிவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. வீடு பக்கத்தில் இருந்து, தனி வண்டியில் கூட்டிப் போக ஆள் வந்து, வீட்டில் வயதானவர்களும் குழந்தைகளும் இல்லையென்றால் போகலாம். மற்றவர்கள் விடுதியிலேயே இருப்பதுதான் நல்லது. ஆனால் மூன்று நான்கு பேர் கை எட்டும் தூரத்தில் கட்டில் போட்டிருக்கும் அதே அறையில் அல்ல. ஒவ்வொரு விடுதியிலும் கொசுவலை அடித்த சன்னலோடு இரண்டு அறைகளைக் காய்ச்சலுக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். எங்கள் விடுதியில் அப்படி ஒதுக்கிய அறையின் வாசலில் ஒரு ஸ்டூல். மெஸ் அண்ணன் கஞ்சித் தூக்கை அதில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவார். உள்ளே இருப்பவன் ஆய்வக நோட்டின் கடைசிப் பக்கத்தில் மணியை ஒரு பக்கமும் தெர்மாமீட்டர் காட்டும் டிகிரியை இன்னொரு பக்கமும் எழுதிவருவான். மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான். மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வெளியே வரலாம்.

இதைக் கெடுப்பது வருகைப்பதிவு. 75 சதவீதத்துக்குக் கீழே போய்விடுமே என்ற பயத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளையைக் குறைசொல்லிப் பயனில்லை. காய்ச்சல் அறையில் இருந்த நாட்களை மருத்துவச் சான்றிதழுக்காக அலையவிடாமல் கல்லூரியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருந்து விஷயத்தில் மருந்துக்கடைப் பொட்டலத்தை நான் அடியோடு எதிர்க்கிறேன். நிறம் நிறமாக மூன்று மாத்திரை. எது என்னவென்று வாங்குபவருக்குத் தெரியாது. ஃப்ளூ வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாடிக்குக்கு அது அசையாது. அதைவிட ஆபத்து, இதே மழைக்காலத்தில்தான் டெங்குவும் வருகிறது. டெங்குவாக இருந்து வலிக்கென்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டால் ரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமால் மட்டும், உரிய இடைவெளியில், போதும். நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து, பிடித்தவர்கள் குடிக்கலாம். ஆனால் குடித்துவிட்டோமே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் முதல் நாளே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் என்ற மருந்து, அறிகுறி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்கிறது. மூச்சுத்திணறல், விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், நினைவு தடுமாறுதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108 தான். சந்தேகம் கேட்க 104.

வராமல் தடுப்பதில் சோப்பும் முகக்கவசமும் செலவில்லாதவை. காய்ச்சல்காரர் முகக்கவசம் அணிவது, சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் அணிவதைவிட எளிது. கிருமி உருமாறுவதால் ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். பலன் தர இரண்டு வாரம் ஆகும். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை என்பதால் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. ஆஸ்துமா உள்ள மாணவர்கள் யோசிக்காமல் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் ஒருவருக்குத்தான் செலவழிக்க முடியும், பையன் திடமாக இருக்கிறான் என்றால், அப்பாருக்கோ அம்மாயிக்கோ புரட்டாசிக்குள் போட்டுவிடுங்கள்.