கியர்பாக்ஸை இறக்காமலே சரிசெய்த கராஜ்
ரிவர்ஸ் கியர் போட்டால் கத்துகிறது என்று போனதற்கு, வேறொரு இடத்தில் கியர்பாக்ஸையே இறக்கணும் என்று பயமுறுத்தி அனுப்பிய எங்கள் பழைய ஃபோக்ஸ்வேகன் டி2 கேம்பர் வேனை, லண்டனுக்கு வெளியே இருக்கும் இந்தச் சின்ன கராஜுக்குக் கொண்டுபோனோம். இன்ஜின் நின்றிருந்தால் கியர் சத்தமில்லாமல் விழுகிறது, ஓடும்போது மட்டும் ரிவர்ஸ் கரகரவென்று கத்துகிறது என்றால் முதலில் சந்தேகப்படவேண்டியது கிளட்சைத்தான் என்று சொல்லிவிட்டு நேரே வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார் அங்கிருந்த மெக்கானிக். பெடலையும் கிளட்சையும் இணைக்கும் கேபிளின் பின்முனையில் பாதி இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. புதுசு போட்டு, கேபிள் முனையில் இருக்கும், கையாலே திருகக்கூடிய இறக்கை நட்டைத் திருகி, பெடலில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் பெடல் சும்மா அமுங்கும் தூரம், விட்டார். அந்த இடைவெளிகூட இல்லாமல் இறுக்கினால், கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தேய்ந்துவிடும். கியர் லீவர் கொழகொழவென்று ஆடியதற்கு லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ஷிஃப்ட் ராடைத் தாங்கும் புஷ்தான் காரணம், அதையும் மாற்றியாச்சு. உட்கார இடம் கிடையாது, போனையும் லேசில் எடுக்கமாட்டார். ஆனால் கழற்றிய கேபிளைக் கையில் கொடுத்துக் காட்டிவிட்டுத்தான் கூலி கேட்டார், அதுவும் நியாயமான கூலி.