டைவர்ஸ் கேஸ் ஓடிட்டு இருக்கறவரோட பழகலாமா? நாங்க போன கவுன்சிலிங் சென்டர் ரிவ்யூ (4/5)

சென்னையில மேற்கு மாம்பலம் பக்கம் ஒரு வீட்டு மாடியில நடக்கற சின்ன கவுன்சிலிங் சென்டர் இது. பேர் போடல, ஏன்னா என் விஷயத்தோட இன்னொருத்தர் குடும்ப விஷயமும் சேர்ந்து இருக்கு, தெரிஞ்சவங்க படிச்சா யார்னு புரிஞ்சிடும். ஆனா இந்த மாதிரி நிலைமையில இருக்கறவங்களுக்கு இப்படி ஒரு இடத்துல என்ன கிடைக்கும், என்ன கிடைக்காதுன்னு தெரியணும்னு தான் எழுதறேன்.

நான் பழகறவரோட கல்யாணம் நடந்தா எனக்கு அது முதல் கல்யாணம். அவருக்கு மியூச்சுவல் கன்சென்ட்ல, அதாவது புருஷன் மனைவி ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு, டைவர்ஸ் கேஸ் ஃபைல் ஆகி இருக்கு, இன்னும் ஆர்டர் வரல. அவருக்கு ரெண்டாங்கிளாஸ் படிக்கற பொண்ணு, அவ அம்மாகிட்ட இருக்கா. ஃபிளாட் லோன் அவர், மனைவி ரெண்டு பேர் பேர்லயும் ஓடுது. அவரோட அம்மா இன்னமும் மருமக கிட்ட தினம் ஃபோன்ல பேசறாங்க. மனுஷன் ரொம்ப நல்லவரு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா நல்லவரா இருந்தா மட்டும் போதுமா, இவ்வளவு கட்டு இருக்கற ஒருத்தரோட நான் மேல பழகலாமா, அந்த கேள்விக்கு தான் அங்க போனோம்.

முதல்ல ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சு கொஞ்ச நேரம் பேசுவாங்க, அப்புறம் தனித்தனியா. கவுன்சிலிங் பண்ற மேடத்துக்கு ஐம்பது வயசு இருக்கும், குரல் உயராது, "நல்லா யோசிச்சு முடிவெடுங்கம்மா" மாதிரி பொதுவா எதுவும் சொல்லவே மாட்டாங்க. அவர் கையில ஒரு பேப்பர் குடுத்து, உங்களுக்கு இப்ப இருக்கற பந்தம் எல்லாத்தையும் எழுதுங்க, ஆளு, பணம், கோர்ட்டு, வீடு, ஃபோன்ல வர்ற கால் வரைக்கும், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அது எப்ப முடியும், முடிக்கறது யார் கையில இருக்குன்னு எழுதுங்கன்னாங்க. அவர் டைவர்ஸ்னு எழுதி பக்கத்துல கோர்ட்டுன்னு போட்டாரு, லோனுக்கு 2036னு போட்டாரு, மனைவி பேருக்கு நேரா "முடிஞ்சிடுச்சு"ன்னு எழுதினாரு. மேடம் அதைப் பாத்துட்டு, "பாப்பாவுக்கு ராத்திரி ஜுரம்னா யார் உங்களுக்கு ஃபோன் பண்ணுவாங்க? ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங்னா யாரு யாரு போவீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு, அப்புறம் அதை அடிச்சிட்டு "முடியாது"ன்னு எழுதினாரு.

எனக்கு அந்த இடத்துல தான் அவர் மேல நம்பிக்கை கூடிச்சு. முடியாத ஒண்ணை முடிஞ்சதா சொல்லி என்னை சமாதானப்படுத்தறவரா இருந்தா நான் அன்னிக்கே கிளம்பி இருப்பேன். அவரோட பழைய வாழ்க்கையில ஒரு பகுதி எப்பவும் இருக்கும், அது அந்தக் குழந்தை, அந்தக் குழந்தையோட அம்மா. அதை நான் மனசார ஏத்துக்க முடியுமான்னு தான் நான் யோசிக்கணும், அது எப்ப போகும்னு காத்துட்டு இருக்கறது அந்தக் குழந்தைக்கு பண்ற அநியாயம்.

குறைன்னு பாத்தா, சட்டம் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, "வக்கீல பாத்துட்டு வாங்க"ன்னு அனுப்பிடுவாங்க. நாங்க தனியா ஒரு வக்கீலம்மாவை பாத்தோம், அவங்க சொன்னது பாதி எனக்கு புதுசு. 1955 இந்து திருமணச் சட்டம் 13பி-ல (ரெண்டு பேரும் சேர்ந்து டைவர்ஸ் கேக்கற பிரிவு) மனு போட்ட பிறகு ஆறு மாசம் காத்திருக்கணும், 2017ல சுப்ரீம் கோர்ட் அந்த ஆறு மாசத்தை சில நிலைமைல கோர்ட்டு தள்ளுபடி பண்ணலாம்னு சொல்லியிருக்கு. ஆனா ஆர்டர் வர்ற வரைக்கும் ரெண்டு பேர்ல யார் வேணா சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். "டைவர்ஸ் கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு"ன்னு யாராவது உங்ககிட்ட சொன்னா இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆர்டர் வராம தாலி கட்டினா அந்தக் கல்யாணம் செல்லாது, இருதார மணத்துக்கு ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. சரி கல்யாணம் அப்புறம், இப்போதைக்கு சேர்ந்து வாழலாம்னு நினைக்கறவங்களுக்கும் ஒண்ணு, கல்யாணமானவர்னு தெரிஞ்சே சேர்ந்து வாழ்ந்த பொண்ணுக்கு குடும்ப வன்முறை சட்டத்துல பாதுகாப்பு கிடைக்காதுன்னு 2013லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்காம். லோனும் அப்படித்தான், டைவர்ஸ் ஆனாலும் பேங்க் ஒத்துக்கிட்டு பேரை எடுக்கற வரைக்கும் ரெண்டு பேருமே பொறுப்பு. இதெல்லாம் ஒரே கூரைக்கு கீழ சொல்ற மாதிரி அந்த சென்டர்ல ஒரு வக்கீலையும் வெச்சிருந்தா நல்லா இருக்கும், அதுக்கு தான் ஒரு ஸ்டார் குறைச்சிருக்கேன்.

ஒரு விஷயத்துல மேடமும் வக்கீலும் நேர் எதிரா சொன்னாங்க. என்னைப் பத்தி அவரோட மனைவிகிட்ட இப்பவே சொல்லணுமா வேண்டாமா? வக்கீல் வேண்டவே வேண்டாம்னாங்க, கோவத்துல சம்மதத்தை வாபஸ் வாங்கினா கேஸ் வருஷக்கணக்குல இழுக்கும், 2018ல இருந்து தகாத உறவு குற்றம் இல்லன்னாலும் டைவர்ஸுக்கு அது இன்னமும் ஒரு காரணம்னு. மேடம், மூணாவது ஆள் மூலமா தெரிஞ்சா அதுக்கப்புறம் குழந்தை விஷயத்துல ரெண்டு பேரும் நேரா பேசிக்கவே முடியாதுன்னாங்க. நான் மேடம் பக்கம் தான். ஒளிச்சு வெச்சு ஆரம்பிக்கற உறவுல நான் எப்பவும் ஒளிஞ்சுட்டே தான் இருக்கணும், அது என்னால முடியாது. அவரே போய் சொன்னாரு. அவரோட மனைவி கேட்டது ஒண்ணே ஒண்ணு, பாப்பாவுக்கு முழுப்பரீட்சை முடியற வரைக்கும் என்னை அவகிட்ட காட்ட வேண்டாம்னு. அவங்களை நான் இன்னும் பாத்ததில்ல, ஆனா அதைக் கேட்டப்புறம் எனக்கு அவங்க மேல மரியாதை வந்துடுச்சு.

இப்ப நாங்க பழகிட்டு தான் இருக்கோம். சேர்ந்து இருக்கறது, நிச்சயதார்த்தம், ஜாதகம், எதுவும் பேச்சே இல்ல, ஆர்டர் வந்து அப்பீல் டைமும் முடியட்டும்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். எங்க அம்மாவுக்கு இன்னும் மனசு ஒப்பல, அவங்க பயம் எனக்கு புரியுது, அதனால அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு போகலாம்னு இருக்கேன், மேடம் வர சொல்லியிருக்காங்க.

ஒரு சிட்டிங்குக்கு 1500 ரூபா வாங்கறாங்க, ஒரு மணி நேரம்னு சொன்னாலும் பேச்சு பாதியில இருந்தா கடிகாரம் பாத்து எழுப்பி விட மாட்டாங்க. வெயிட்டிங் ஹால் ரொம்ப சின்னது, அடுத்தவங்க முகத்தை பாத்துட்டே உக்காரணும், கூச்சப்படறவங்க கரெக்டா டைமுக்கு போங்க. உங்க ஆள் வர மாட்டேன்னு சொன்னா தனியாவும் பாக்கறாங்க, ஆனா கூப்பிட்டும் ஏன் வரலன்னு அவர்கிட்ட கட்டாயம் கேளுங்க. சனி ஞாயிறு சீக்கிரம் ஃபுல் ஆயிடும், வார நாள்ல சாயந்திரம் ஆறு மணிக்கு மேல கேட்டா கிடைக்கும்.